பூனைக்கு மட்டும் திறக்கும் கதவு

கதிரு, இன்றைக்கும் பூனைப் படம் வந்தது. மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். பள்ளி அலுவலகத்தில் ஒரு பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். மேசை மேல் போன் அதிர்ந்தது. படத்தில் பூனை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, வாலைக் காலோடு சுற்றிப் போட்டுக்கொண்டு, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல ஒரு வார்த்தைகூட இல்லை. காலையில் நான் அனுப்பிய நாலு கேள்விகளுக்கும் சேர்த்து அந்தப் பூனைதான் பதில். ஏழு மாதமாக உன்னிடமிருந்து எனக்கு வருவது இது ஒன்றுதான். படம் வந்துவிட்டால் அன்றைக்கு நீ உயிரோடு இருக்கிறாய் என்று அர்த்தம். இதை இப்படிப் பச்சையாக எழுதக்கூடாதுதான். ஆனால் இனிமேல் உன்னிடம் எதையும் பூசி மெழுகிச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் இந்தப் பேப்பரை எடுத்தேன்.

படம் வந்ததும் நான் அதை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன், பூனைக்காக இல்லை. ஓரத்தில் எங்கேயாவது நீ இருக்கிறாயா என்று பார்ப்பேன். ஒரு நாள் அதன் முதுகில் உன் கை தெரிந்தது. நகம் அவ்வளவு நீளமாக வளர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நகம் வெட்டாமல் சோற்றில் கை வைக்காத பிள்ளை நீ. இன்னொரு நாள் கண்ணாடி டம்ளரில் உன் முகம் தண்ணீரில் தெரிவதுபோலத் தெரிந்தது. தாடியா நிழலா என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் படத்திலும் அதே போர்வை, அதே ஜன்னல். நமக்கு மூன்றரை என்றால் உனக்குக் காலை பதினொன்று. வேலை நாளில் பதினொரு மணிக்குப் பூனை எப்படி உன் மடியில் இருக்கும் என்று முதல் மாதமே எனக்குத் தோன்றியது. தோன்றியதை உள்ளேயே போட்டு அமுக்கிவிட்டேன். அதுவும் என் தப்புதான்.

இந்தக் கடிதம் உனக்குத் தபாலில் வரவில்லை. உன் எதிர்க் கதவு நோரா உன் கதவுக்கு அடியில் தள்ளியிருப்பாள். நான் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். அவள் தன் வேலை இடத்தில் அச்செடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆமாம், நோராவிடம் பேசினேன். கோபப்படு, பரவாயில்லை. கோபம் வந்தால் நல்லது என்றுகூட நினைக்கிறேன்.

அந்தப் பூனை உன்னிடம் வந்து சேர்ந்த கதையை நீதான் சொன்னாய், நினைவிருக்கிறதா? அயர்லாந்து போய் இரண்டாவது மாதம். படிப்பு ஆரம்பித்த புதிது. கதவை யாரோ பிறாண்டுகிறார்கள் என்று திறந்தால், செம்பட்டை நிறத்தில் ஒரு பூனை உள்ளே வந்து, உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சமையல் மேடை, கட்டிலடி, குளியலறை என்று ஒரு சுற்று சுற்றி வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. “அப்டியே நம்ம உப்பளத்து மேஸ்திரி மாதிரி இருக்குதும்மா. வந்து பாத்தி பாத்தியா பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம போவுது” என்றாய். அன்றிலிருந்து அதற்கு மேஸ்திரி என்றே பெயர். அது எதிர்க் கதவு நோராவின் பூனை, அவள் அதைக் கூப்பிடுவது பிஸ்கட். நீ டப்பா மீன் வாங்கி வைப்பதைக் கேட்டு உன் அப்பா, “மரக்காணத்துல பொறந்துட்டு டப்பா மீனு வாங்குறான் பாரு. ஏண்டா, மேஸ்திரிக்குக் கூலி மீன்லயே குடுத்துடுறியா?” என்று கேட்டார். “அவரு ஓவர்டைம் வேற பாக்குறாருப்பா, நைட்டு என் கட்டில்லதான் தூங்குறாரு” என்றாய். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். படிப்பு முடிந்து வேலை கிடைத்தபோதும் நீ முதலில் சொன்னது, “மேஸ்திரிக்கு இன்னிக்கு பெரிய மீனு” என்பதுதான்.

நீ கிளம்பிய வாரத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். உன் அப்பா திண்டிவனம் போய் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். உன் கல்லூரிப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கறுப்புக் கண்ணாடி ஒட்டி, பின்னால் விமானம் பறக்க, “அயர்லாந்து புறப்படும் உப்பளத்துச் சிங்கமே” என்று போட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஈ.சி.ஆர். சாலை ஓரத்தில் கட்டினார்கள். நீ நின்று பார்த்துவிட்டு, “ப்பா, கால்ல வேணா வுழறேன், அத எறக்குப்பா. மானம் போவுது” என்றாய். “நாலு பேரு பாக்கட்டும்டா. நான் சேத்துல நின்னதுக்கு இது ஒண்ணாவது வேணாவா?” என்றார். நான் உன் பக்கம் பேசவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து அதைப் பார்த்துக்கொண்டே போனேன். ஊரை விட்டுப் போகிறவனுக்கு ஊரே வாழ்த்துச் சொல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். திரும்பி வந்தவனுக்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைத்து நான் பார்த்ததில்லை என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. உன் முகத்தைப் பன்னிரண்டு அடிக்கு நிறுத்தி, நீ திரும்பி வருகிற வழியை நாங்கள் அடைத்துவிட்டோம்.

அடுத்தது இதைவிட மோசம். மார்ச் மாதம், கிளியனூரில் உன் மாமா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பந்தலில் சொந்தக்காரப் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டு விமலாக்காவும் வந்திருந்தாள். உன் போன் வந்தது. “யாரு, நம்ம ஃபாரின்காரனா? குடு, நானும் பேசுறேன்” என்று கை நீட்டினாள். நான் தராமல் காதில் வைத்தேன். நீ ஹலோகூடச் சொல்லவில்லை. “அம்மா, நான் ஊருக்கு வந்துடட்டுமா?” என்றாய். ஒரே ஒரு முறை. குரல் மட்டும் ஏதோ கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி இருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது, கதிரு. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. எத்தனை ஜோடிக் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. நான், “ஹலோ... ஹலோ... சிக்னலே இல்லப்பா, அப்புறம் பேசு” என்று சொல்லிவிட்டுக் கட் செய்தேன். விமலாக்கா “என்னாவாம்?” என்றாள். “அடுத்த வருஷம் எங்க ரெண்டு பேரையும் அங்க கூட்டிட்டுப் போறானாம்” என்றேன். எல்லோரும் ஆஹா என்றார்கள். நான் ஜாங்கிரி சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து முழு ஜாங்கிரியையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை. மறுநாள் வார்த்தையே இல்லாமல் முதல் பூனைப் படம் வந்தது. நான் கேட்கவில்லை என்று நீ நம்பினாயா, கேட்டும் வைத்துவிட்டேன் என்று புரிந்துகொண்டாயா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயந்துகொண்டு நானும் கேட்கவில்லை. “மேஸ்திரி எப்படி இருக்காரு?” என்று எழுதுவேன். “அழகா இருக்காருடா” என்று எழுதுவேன். ஒரு பூனையைப் பற்றிப் பேசியே ஏழு மாதம் ஓட்டிய அம்மா நான். உள்ளுக்குள் அதன் மேல் பொறாமை. இத்தனை வருடம் உன்னைத் தூக்கி வளர்த்த எனக்குக் கிடைக்காத உன் மடி, யார் வீட்டுப் பூனைக்கோ தினமும் கிடைக்கிறதே என்று. நாற்பத்தேழு வயதுப் பொம்பளை இப்படி நினைக்கலாமா என்று வெட்கமாகவும் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை படம் வரவில்லை. திங்கள்கிழமையும் வரவில்லை. முதல் பனிக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது நோரா என் நம்பரை உன்னிடம் வாங்கி, நீ நன்றாக இருக்கிறாய், சூப் கொடுத்தேன் என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அந்த நம்பரைத் தேடி எடுத்தேன். மறுநாள், பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம். பி.காம். படித்தவள், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன், ஆனால் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலில் ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். கதிரின் அம்மா பேசுகிறேன் என்றதும் அவள் ஒரு பெருமூச்சு விட்டாள் பார், அதிலேயே பாதி எனக்குப் புரிந்துவிட்டது. நான் எப்போது கூப்பிடுவேன் என்று காத்திருந்ததாகச் சொன்னாள். அவளாகக் கூப்பிட்டிருப்பாளாம். உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று பயமாம்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைக்க வேண்டிய வேலை உனக்கு இனி இல்லாமல் போகட்டும். மார்ச் மாதமே உன் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது உன் வேலை போய்விட்டது. உன்னோடு இருந்த பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான். கொஞ்ச நாள் வெளியே போய் வந்துகொண்டிருந்தாய். பிறகு அதுவும் இல்லை. கதவைத் தட்டினால் சத்தம் இல்லை. அவள் வைக்கிற சூப் பாத்திரம் சில நாள் காலியாக வாசலில் இருக்கும், சில நாள் வைத்தது வைத்தபடி. ஆனால் பூனை போய்ப் பிறாண்டினால் கதவு ஒரு சாண் திறக்குமாம். அது உள்ளே போனதும் மூடிக்கொள்ளுமாம். உன் மகன் பூனைக்கு மட்டும்தான் கதவைத் திறக்கிறான் என்றாள். பூனை உடம்பிலிருந்து சோப்பு வாசனை வரும் நாளில் நீ குளித்திருக்கிறாய் என்று நிம்மதிப்படுவாளாம். நான் இங்கே படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, அங்கே அவள் பூனையை மோந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஞாயிறும் திங்களும் பூனைக்குக் காலில் காயமாம், அவள் வெளியே விடவில்லையாம். அதனால்தான் படம் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். வருகிற சனிக்கிழமை நோரா வீட்டைக் காலி செய்கிறாள். அவள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, வேறு ஊருக்கு அவளோடு இருக்கப் போகிறாள். பூனையும் போகிறது. உன்னிடம் சொல்ல வந்து இரண்டு முறை தட்டியிருக்கிறாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? அந்தப் பூனையை என் மகனிடமே விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டேன். வெட்கம் பார்க்காமல் கெஞ்சினேன்.  என் வீட்டிலும் என்னைத் தவிர உயிர் என்று இருப்பது அது ஒன்றுதான் என்றாள். அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பது? சனிக்கிழமைக்குப் பிறகு அந்தக் கதவைப் பிறாண்ட ஒரு ஜீவன் இருக்காது. இந்த நினைப்பிலேயே பள்ளியில் ஒரே பிள்ளைக்கு இரண்டு முறை சான்றிதழ் எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். மார்ச் மாதம் நான் செய்ததையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய், பரணிலிருந்து அந்த ஃப்ளெக்ஸை இறக்கினார். சைக்கிளில் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களைக் கீற்றால் மூடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, கீற்று பற்றாமல் ஒரு குவியல் பாதி திறந்து கிடந்தது. அதன் மேல் உன் படத்தை விரித்து ஓரத்தில் மண்ணை அணைத்தார். கீற்று போட்டுக்கொண்டிருந்த நம் உப்பளத்து அஞ்சலை நின்று பார்த்துவிட்டு, “என்னா மொதலாளி, சிங்கத்த உப்புல ஊற போடுறீங்க?” என்றாள். வழக்கமாக அவளுக்குப் பதிலுக்குப் பதில் கொடுப்பவர், அன்று வரப்பில் உட்கார்ந்து, “அத நான் வச்சிருக்கக்கூடாது” என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “அவங்கிட்ட கொட்டகை விஷயத்த சொல்லிடு” என்றார். அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குப் பதினோரு வயதில் ஒரு கோடையில் அப்பா தூத்துக்குடிக்கு வேலையாகப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். அவர் எங்கேயும் போகவில்லை. உப்பளத்து மோட்டார் கொட்டகைக்குள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஐந்து நாள் இருந்தார். அந்த வருடம்தான் முதல் முறையாகத் தனியாகக் குத்தகை எடுத்திருந்தார். பாத்தி எல்லாம் உப்பு பூத்து, மறுநாள் வார வேண்டும். மத்தியானம் காற்று திரும்பியது. வைகாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை, இரண்டு மணி நேரம். வெள்ளையாக நின்றது எல்லாம் சேற்றுத் தண்ணீராகிவிட்டது. எல்லோருக்கும்தான் கரைந்தது. ஆனால் உன் அப்பா, ஒரு வாரத்துக்கு முன்னாலேயே வாரியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்று உள்ளே போனவர்தான். தகரக் கதவு மூடிக்கொண்டது.

முதல் நாள் சோறு கொண்டுபோய் வெளியே நின்று திட்டினேன். இரண்டாம் நாள் அழுதேன். மூன்றாம் நாள் என் அண்ணனையும் இன்னும் நாலு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்ததிலேயே மோசமானது. அவர்கள் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். உள்ளே இருமல் சத்தம்கூட நின்றுபோனது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அந்தக் கொட்டகைக்குள் கயிறு இருந்தது, மோட்டாருக்குக் கட்டுகிற கயிறு. அது எவ்வளவு நீளம் என்று நான் மனதுக்குள் அளந்துகொண்டே நின்றேன். இதையும் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

நாலாம் நாள் விடிந்ததும் அஞ்சலை ஆறேழு பெண்களோடு வந்தாள். அவரைக் கூப்பிடவில்லை. கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொட்டகைக்கு எதிர்ப் பாத்தியில் தண்ணீரை வடித்துவிட்டு இறங்கி மிதிக்க ஆரம்பித்தார்கள். உனக்குத் தெரியும், தரை இறுகினால்தான் உப்பு பூக்கும், அதைக் காலால்தான் மிதித்து இறுக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை தை மாதத்தில் செய்கிற வேலை. மழை கரைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டியதுதான். அதற்கு யாரும் யாரையும் ஏன் கரைந்தது என்று கேட்பதில்லை. வரிசையாக நின்று, சின்னச் சின்ன அடியாக வைத்து, மருமகளைப் பற்றி, ரேஷன் அரிசியைப் பற்றி, எவனோ குடித்துவிட்டு வரப்பில் படுத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே மிதித்தார்கள். நான் சோற்றுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். “ஏன் அண்ணி, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்லியா? எறங்கு” என்றாள் அஞ்சலை. இறங்கினேன். உப்பளக்காரன் பெண்டாட்டியாகப் பன்னிரண்டு வருடம் இருந்தும் அன்றுதான் முதல் முறை. குதிகாலை ஊன்றி ஊன்றி வைத்தேன். பள்ளம் பள்ளமாக விழுந்தது. அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது. அன்று கதவு திறக்கவில்லை. மறுநாளும் போய் மிதித்தோம். பத்து மணி வாக்கில் தகரக் கதவு கிறீச்சென்றது. ஐந்து நாள் தாடியோடு உன் அப்பா வாசலில் நின்று, “எவ அது, கெழக்கு மூலைல பள்ளம் பறிக்கிறவ? குதிகால வைக்காத” என்று சத்தம் போட்டார். நான்தான் அது. அஞ்சலை திரும்பிப் பார்க்காமலே, “உம் பொண்டாட்டிதான் மொதலாளி. வந்து நீயே சொல்லிக் குடு” என்றாள். அவர் இறங்கி வந்தார்.

உன் அப்பாவிடம் பிறகு ஒரு முறை கேட்டேன், ஏன் அன்று வெளியே வந்தீர்கள் என்று. நாங்கள் சொன்ன எந்தப் புத்தியும் காதில் விழவில்லையாம். வெளியே ஆட்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வேலை செய்கிற சத்தம் கேட்டதும், தான் கரைந்துபோகவில்லை, உப்புதான் கரைந்தது என்று தோன்றியதாம். அவ்வளவுதான் சொன்னார். கதிரு, போனது வேலை. உன் அப்பாவுக்கு உப்புப் போன மாதிரி உனக்கு வேலை போனது. அவருக்கு ஊரே வந்து பாத்தி மிதித்தது. உனக்கு மட்டும் நாங்கள் சிங்கம் என்று எழுதி வைத்து, சிங்கத்துக்கு வேலை போகக்கூடாது என்று விட்டுவிட்டோம். உப்பளத்துக்காரர்களான நாங்கள், எங்கள் பிள்ளை விஷயத்தில் மட்டும் நாங்கள் அறிந்ததை எல்லாம் மறந்துபோனோம். கஷ்டம் வந்தால் மூடிக்கொள்ள வேண்டும் என்பதை நீ எங்கள் வீட்டில்தான் கற்றாய். தூத்துக்குடி என்று நான் சொன்ன பொய்யைப் பதினோரு வயதில் நீ நம்பியிருக்க மாட்டாய் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது உன் கதவுக்கு முன்னால் நான் எதை மிதிப்பது? எனக்கு விசா இல்லை. பாஸ்போர்ட்டே முந்தாநாள்தான் விண்ணப்பித்தேன், சனிக்கிழமைக்குள் நான் வர வழியே இல்லை. என்னால் முடிந்ததை இங்கே செய்தேன். நேற்றுத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது விமலாக்காவிடம் போய், நாலு பேர் காதில் விழும்படியே, “கதிருக்கு வேல போச்சுக்கா. ஏழு மாசமாவுது. கிளியனூர்ல நான் சொன்னது பொய்” என்றேன். குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடிவிட்டு, “அதுக்கு ஏண்டி மூஞ்சிய இப்டி வச்சிருக்கற? எம் மருமவன் துபாய்ல இருக்கான்னு சொல்றனே, அவன் வந்து ஆறு மாசமாவுது. புதுச்சேரியில அவுங்க அண்ணன் வூட்ல இருக்கான். தெருவுக்கு வர்றதுக்கு வெக்கப்பட்டுகினு” என்றாள். பிறகு, “வரச் சொல்றி புள்ளய. இவனும் அவனும் சேந்து எதனா பாக்கட்டும்” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் ஏழு மாதம் பயந்த ஊர் இவ்வளவுதான், கதிரு. ஒரு குடம் நிரம்புகிற நேரத்தில் முடிந்துவிட்டது. இதை மார்ச் மாதம் கிளியனூர்ப் பந்தலில் செய்திருந்தால் நீ ஏப்ரலில் வீட்டில் இருந்திருப்பாய்.

நீ இங்கே வந்து என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். இங்கே வரவே பிடிக்கவில்லை என்றாலும் சரி, அங்கேயே இருந்து வேறு வேலை தேடினாலும் சரி. சிங்கம் வேண்டாம், இன்ஜினியர் வேண்டாம், எனக்கு நீ சோறு தின்று தூங்கி எழுந்தால் போதும். தனியாக எதையும் முடிவு செய்யாதே. இந்த வரியை இன்னொரு முறை படி. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிற எதையும் நம்பாதே. உன் அப்பாவுக்குக் கொட்டகைக்குள் தோன்றியதை அவர் எனக்கு இன்று வரை முழுதாகச் சொன்னதில்லை, ஆனால் அது தப்பு என்று அவருக்கு இப்போது தெரியும். இத்தனை வருடம் ஒவ்வொரு தை மாதமும் அவர் பாத்தியில் இறங்கியிருக்கிறார். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றால் தன் வேலை இடத்திலேயே ஒருவரைத் தெரியும் என்று நோரா சொல்கிறாள். போ. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பூனைக்குக் கதவைத் திறந்தாயே, அதற்கு நான் அதன் காலில் விழுவேன். எத்தனை நாள் உன்னை எழுந்து நடக்க வைத்தது அது ஒன்றுதான். எழுந்து போய்த் திறக்க உன்னால் முடிகிறது என்பதை அது எனக்குக் காட்டிவிட்டது.

நோராவிடம் கதவைத் தட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கூப்பிடவும் வேண்டாம், புத்தியும் வேண்டாம். பிறகு என்ன செய்ய என்று கேட்டாள். வீடு காலி செய்கிற வேலையை என் மகன் வாசலில், மாடிப்படியில் உட்கார்ந்து செய் என்றேன். பாத்திரத்தைப் பேப்பரில் சுற்று, பெட்டியில் அடுக்கு, பாட்டுக் கேள், போனில் யாரோடாவது பேசு என்றேன். அவளுக்கு நான் சொல்வது புரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் சரி என்றாள். இதை உன் கதவடியில் தள்ளுகிற நாளுக்கு அவள் லீவு போட்டிருக்கிறாள். நீ இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது வெளியே அந்தச் சத்தம் கேட்டால் அது அவள்தான். அவள் போன் பக்கத்தில் இருக்கும், நாங்கள் இரண்டு பேரும் இங்கே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நீ பேச வேண்டாம். நாங்களும் ஒன்றும் கேட்க மாட்டோம். அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள், கதிரு. வலது முழங்காலில் வலி, ரொம்ப நேரம் அப்படி உட்கார முடியாது என்று நேற்றே சொன்னாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து, அவளுக்கு ஒரு நாற்காலி போடு.

அம்மா